கிறிஸ்தவக் குழந்தைகளின் பேர்களும் அர்த்தங்களும்: வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க வரும் பெற்றோர்கள், பேர் எழுதும் நேரத்தில் கேட்கிற சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுக்கிறேன், ஞானஸ்நான ரிஜிஸ்டர் எழுதவும் உதவுகிறேன், அதனால் இவை திரும்பத் திரும்ப என் காதில் விழுகின்றன. நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைக்காரி. கேட்டவர்களில் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கம்), லுத்தரன், பெந்தெகொஸ்தே வீட்டாரும் உண்டு. கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

கிறிஸ்டியன் பேர்னா பைபிள்ல இருக்கிற பேர்தான் வெக்கணுமா?

கட்டாயம் இல்லை. கத்தோலிக்கத் திருச்சபையில் ஒரு காலத்தில் இது கண்டிப்பாக இருந்தது. 1917ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு, குழந்தைக்குக் கிறிஸ்தவப் பேர் வைக்கப்படுவதைப் பங்குத்தந்தை பார்த்துக்கொள்ள வேண்டும் என்றது. பெற்றோர் கேட்காவிட்டால், அவர்கள் வைத்த பேரோடு ஒரு புனிதரின் பேரையும் சேர்த்து எழுதச் சொன்னது. 1983இல் வந்த புதிய தொகுப்பு, கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பேர் வேண்டாம் என்பதோடு நிறுத்திக்கொண்டது.

நம் பக்கத்து ரிஜிஸ்டர்களில் பைபிள் பேர், புனிதர் பேர், கிருபாகரன், ஞானமுத்து மாதிரியான தமிழ்ப் பேர், வெள்ளைக்காரர்கள் மூலம் வந்த விக்டர், எட்வின் மாதிரியான பேர் எல்லாமே கலந்துதான் கிடக்கின்றன. ஒரே வீட்டில் அப்பா தேவதாஸ், பிள்ளை டேனியல், பேத்தி ரோஸ்லின். எல்லாமே கிறிஸ்தவப் பேர்கள்தான்.

பேர் எப்ப வெக்கணும்? ஞானஸ்நானம் வரைக்கும் காத்திருக்கணுமா?

வேண்டாம். பிறப்புப் பதிவில் பேரைச் சேர்க்க ஒரு வருஷம் வரை கட்டணம் கிடையாது. அதற்கு மேல் 15 வயது வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். முதலில் அங்கே எழுதிவிட்டு, அதே எழுத்துகளோடு சபைக்கு வாருங்கள். பெந்தெகொஸ்தே சபைகளில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது, பிரதிஷ்டை ஜெபம்தான். பேரை அப்போது சொல்லி ஜெபிப்பார்கள்.

சாமுவேல்ல வர்ற "வேல்" முருகன் வேலா? என் மாமியார் கேக்கறாங்க.

இல்லை. அது "ஏல்". எபிரேய மொழியில் ஏல் என்றால் கடவுள். தானியேல் என்றால் கடவுள் என் நியாயாதிபதி, மிகாவேல் என்றால் கடவுளைப் போல் யார், இம்மானுவேல் என்றால் கடவுள் நம்மோடு இருக்கிறார். தமிழில் எழுதும்போது நடுவில் வகரம் வந்து ஒட்டிக்கொண்டதால் காதுக்கு வேல் மாதிரி கேட்கிறது. இதே மாதிரி "யா" என்று முடிகிற எலியா, ஏசாயா, எரேமியா, சகரியா ஆகிய பேர்களில் கர்த்தருடைய திருநாமத்தின் சுருக்கம் இருக்கிறது. இந்த இரண்டையும் தெரிந்துகொண்டால் பழைய ஏற்பாட்டுப் பேர்களில் பலவற்றை நீங்களே பிரித்துப் பார்க்கலாம்.

சாமுவேலுக்கு "கடவுளின் பேர்" என்றும் "கடவுள் கேட்டார்" என்றும் அர்த்தம் சொல்கிறார்கள். ஆனால் பெற்றோர்கள் அந்தப் பேரை வைப்பது அகராதியைப் பார்த்து இல்லை. 1 சாமுவேல் முதல் அதிகாரத்தில் அன்னாள் பிள்ளை இல்லாமல் ஆலயத்தில் அழுது, சத்தம் வராமல் உதடு மட்டும் அசைய ஜெபம் பண்ணுகிறாள். அங்கிருந்த ஆசாரியர் ஏலி அவளைக் குடித்தவள் என்று நினைத்துவிடுகிறார். அவளுக்குப் பிறந்தவன் சாமுவேல். கல்யாணமாகி ரொம்ப நாள் காத்திருந்து பெற்ற பிள்ளைக்குத்தான் நம் ஊரில் இந்தப் பேர் அதிகம் விழுகிறது. அந்த வீட்டுக் கதை தெரிந்தவர்களுக்கு அர்த்தம் தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

ஜான், யோவான், அருளப்பன் மூணும் ஒண்ணுன்னு ஃபாதர் சொன்னார். எப்படி?

மூன்றும் ஒன்றுதான். மூலம் எபிரேயத்தில் யோகனான், கர்த்தர் கிருபையுள்ளவர் என்று அர்த்தம். கிரேக்கம், லத்தீன் வழியாக இங்கிலீஷுக்குப் போய் ஜான் ஆனது. தமிழ் பைபிளில் யோவான். பழைய கத்தோலிக்க மிஷனரிகள் சத்தத்தை விட்டுவிட்டு அர்த்தத்தை எடுத்துக்கொண்டு அருளப்பன் என்றார்கள். 1693இல் ஓரியூரில் கொல்லப்பட்ட புனித ஜான் டி பிரிட்டோவை அருளானந்தர் என்று கூப்பிடுவதும் இதனால்தான்.

இப்படித் தமிழாகிய பேர்கள் நிறைய உண்டு, எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பவுல் என்றால் லத்தீனில் சிறியவன், அதனால் சின்னப்பன். பெனடிக்ட் என்றால் ஆசீர்வதிக்கப்பட்டவர், அதனால் ஆசீர்வாதம். லாசரு என்பது எலெயாசாரின் கிரேக்க வடிவம், கடவுள் உதவினார் என்று அர்த்தம், அதனால் தேவசகாயம். 1745இல் ஞானஸ்நானம் பெற்ற நீலகண்ட பிள்ளைக்கு இந்தப் பேர்தான் வைத்தார்கள். 2022 மே 15 அன்று அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். யோசேப்பு என்பதில் "கூட்டித் தருவார்" என்ற பொருள் இருக்கிறது, ஆதியாகமம் 30:24இல் பழைய ஏற்பாட்டு யோசேப்பின் தாய் ராகேல் சொல்கிறாள். அதே பேருள்ள, மரியாளின் கணவரான யோசேப்பை வீரமாமுனிவர் தேம்பாவணியில் வளன் என்றார். வளனரசு என்ற பேர் இன்றைக்கும் இருக்கிறது.

இன்னொன்றும் கவனிக்கலாம். ஆர்.சி. வீடுகளில் அருள்ராஜ், அருள்மேரி அதிகம். சி.எஸ்.ஐ. வீடுகளில் கிருபாகரன், கிருபாவதி அதிகம். வேதப்புத்தகத்திலும் ஜெபங்களிலும் எந்தச் சொல் பழக்கமோ, அதுவே பிள்ளைகளின் பேரிலும் வந்திருக்கிறது.

எங்க தாத்தா பேர் சவரிமுத்து. அதுக்கு அர்த்தமே கிடையாதாமே? பையனுக்கு வெக்கலாம்னு பார்த்தோம்.

தாராளமாக வையுங்கள். சவரி என்பது சவேரியார், அதாவது புனித பிரான்சிஸ் சேவியர். 1542இல் இந்தியாவுக்கு வந்தார், 1552 டிசம்பர் 3 அன்று இறந்தார். சேவியர் என்பது அவர் பிறந்த கோட்டையின் பேர். பாஸ்க் மொழியில் "புது வீடு" என்பதிலிருந்து வந்தது. கூட இருக்கிற முத்து நம் சொந்தச் சொல். மார்கரெட் என்ற பேருக்கும் கிரேக்கத்தில் முத்து என்றுதான் பொருள். மார்கரெட் என்றால் நாகரிகம், சவரிமுத்து என்றால் பழசு என்று நினைக்க ஒரு காரணமும் இல்லை.

இன்னாசி இக்னேஷியஸிலிருந்தும், சந்தியாகு ஸ்பெயின்காரர்கள் புனித யாக்கோபைச் சொல்லும் சந்தியாகோவிலிருந்தும் வந்தவை. தாத்தா பேரைப் பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்கள் என்ற பயம் எனக்குப் புரிகிறது. சவரி என்றோ முத்து என்றோ வீட்டில் கூப்பிட்டுப் பழக்குங்கள், பிள்ளைக்கே பிடித்துவிடும்.

ஆரோக்கியமேரி, லூர்துமேரி, அமலோற்பவம் இதெல்லாம் என்ன பேர்?

மாதாவின் பட்டங்கள். வேளாங்கண்ணி ஆரோக்கிய மாதாவிடம் நேர்ந்துகொண்டு பிறந்தவர்கள் ஆரோக்கியமேரி, ஆரோக்கியசாமி. 1858இல் பிரான்சின் லூர்து நகரில் மாதா காட்சி கொடுத்ததை நினைத்து லூர்துமேரி, லூர்துசாமி. நம் பழைய வடஆற்காட்டில் சேத்துப்பட்டு லூர்து மாதா கோயில் இருப்பதால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் இந்தப் பேர் சகஜம். அமலோற்பவம் என்றால் பாவ மாசு இல்லாமல் உற்பவித்தவள், டிசம்பர் 8 திருநாள். அமலா, அமல்ராஜ் அதன் சுருக்கங்கள்.

மரியாள் என்ற மூலப்பேருக்கு மட்டும் அறிஞர்கள் ஒரே அர்த்தம் சொல்வதில்லை. அப்படியிருந்தும் உலகத்தில் அதிகம் வைக்கப்பட்ட பெண் பேர்களில் அது ஒன்று.

எபினேசர், பியூலா, எப்சிபா... இது ஆள் பேரா, ஊர் பேரா?

எபினேசர் ஒரு கல்லின் பேர். 1 சாமுவேல் 7:12இல், யுத்தம் முடிந்ததும் சாமுவேல் ஒரு கல்லை நிறுத்தி, இதுவரைக்கும் கர்த்தர் உதவினார் என்று சொல்லி எபெனேசர் என்று பேரிடுகிறார். உதவியின் கல் என்று அர்த்தம். எட்டாம் மாசம் பிறந்து இன்குபேட்டரில் இருந்து மீண்ட குழந்தைகளுக்கு இந்தப் பேரைப் பெற்றோர் தேடி வருவதைப் பார்த்திருக்கிறேன்.

பியூலாவும் எப்சிபாவும் ஏசாயா 62:4இல் ஒன்றாக வருகின்றன. கைவிடப்பட்டவள், பாழான தேசம் என்று பேரெடுத்த சீயோனுக்குக் கர்த்தர் கொடுக்கும் புதுப் பேர்கள். எப்சிபா என்றால் என் பிரியம் அவள்மேல் இருக்கிறது. பியூலா என்றால் மணவாட்டியானவள். இதில் எப்சிபா ஆள் பேராகவும் வருகிறது, 2 இராஜாக்கள் 21:1இல் மனாசே ராஜாவின் தாய்க்கு. மூன்றாவதும் பெண் என்று சொந்தக்காரர்கள் முகம் சுளித்த வீட்டில் எப்சிபா என்று பேர் வைத்தால் அது அவர்களுக்குச் சரியான பதில். அந்தக் காரணத்துக்காகவே இந்தப் பேர் இன்னும் அதிகம் வைக்கப்பட வேண்டும் என்று நினைக்கிறேன்.

எங்க தெருவுல பாய் வீட்டுப் பையன் பேர் தாவூத். எங்க பையன் டேவிட். ரெண்டும் ஒரே பேரா?

ஒரே பேர்தான். தாவீது, டேவிட், தாவூத் மூன்றும் பிரியமானவன் என்று பொருள்படும் ஒரே எபிரேயப் பேர். எபிரேயமும் அரபியும் ஒரே மொழிக் குடும்பம். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் பேர்ப்பலகைகளைப் பாருங்கள்: இப்ராஹிம் ஆபிரகாம், யூசுப் யோசேப்பு, யாகூப் யாக்கோபு, மூசா மோசே, சுலைமான் சாலொமோன், யூனுஸ் யோனா, அய்யூப் யோபு, மர்யம் மரியாள். இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

அர்த்தம் கெட்டதா இருந்தா குழந்தைக்கு ஆகாதா? யாபேஸ்னா "வேதனை"ன்னு சொல்லி பயமுறுத்தறாங்க.

யாபேஸ் என்பதன் பொருள் வேதனையோடு தொடர்புடையதுதான். 1 நாளாகமம் 4:9இல், துக்கத்தோடு பெற்றேன் என்று சொல்லி அவன் தாய் அப்படிப் பேரிட்டாள். ஆனால் அடுத்த வசனத்தையும் படியுங்கள். என்னை ஆசீர்வதித்து, தீங்கு என்னைத் துக்கப்படுத்தாமல் காத்தருளும் என்று அவன் வேண்டினான், கேட்டது கிடைத்தது. பெற்றோர்கள் அந்தப் பேரை வைப்பது பத்தாம் வசனத்துக்காக. பேர் மனுஷனைக் கட்டிப்போடாது என்பதற்கு அந்தப் பகுதியே சாட்சி.

அகராதி அர்த்தத்தை மட்டும் பார்த்தால் நிறையப் பேர்களை ஒதுக்கவேண்டி வரும். யாக்கோபு என்றால் குதிகாலைப் பிடித்தவன், ஏமாற்றுகிறவன் என்றும் சொல்வார்கள். சிசிலியா என்ற பேர் குருடு என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, ஆனால் அவர் இசைக்குப் பாதுகாவலியான புனிதை. பிலிப் என்றால் குதிரைப் பிரியன், அவ்வளவுதான். அந்தப் பேரைச் சுமந்தவர் எப்படி வாழ்ந்தார் என்பதே எனக்கு முக்கியம்.

அதே நேரம் எதை வேண்டுமானாலும் வைக்கலாம் என்றும் சொல்லமாட்டேன். ராகேல் சாகும் நேரத்தில் பிள்ளைக்குப் பெனொனி, என் துக்கத்தின் மகன், என்று பேரிட்டாள். தகப்பன் யாக்கோபு அதை பென்யமீன், வலதுகையின் மகன், என்று மாற்றினார் (ஆதியாகமம் 35:18). பிரசவத்தில் தாயை இழந்த குழந்தைக்கு அந்த இழப்பையே பேராக வைக்க நினைக்கிற குடும்பங்களுக்கு இந்த வசனத்தைக் காட்டுவேன். இக்கபோத் (1 சாமுவேல் 4:21) என்றால் மகிமை போய்விட்டது. அதையும் வைக்கவேண்டாம்.

நியூமராலஜி, நட்சத்திர எழுத்து பார்க்கலாமா?

வேண்டாம். நம் விசுவாசத்தில் அதற்கு இடம் இல்லை. எண்ணுக்காக "ஜாான்" என்று இரண்டு கால் போட்டு எழுதினால் பிள்ளை ஆயுசுக்கும் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கும்.

பாட்டி வசந்தான்னு வெக்கச் சொல்றாங்க. சபையில அது இந்துப் பேர்னு சொல்றாங்க. வெக்கலாமா?

வசந்தா என்றால் வசந்தகாலம். அதில் மதம் எங்கே இருக்கிறது? பைபிள் பெண்களின் பேர்களே இப்படிப்பட்டவைதான். தெபொராள் என்றால் தேனீ, ராகேல் என்றால் பெண்ணாடு, தாமார் என்றால் பேரீச்சை மரம், சூசன்னா என்றால் லீலிப்பூ. அப்போஸ்தலர் 9இல் ஏழை விதவைகளுக்குத் துணி தைத்துக் கொடுத்த தபீத்தாள் என்றால் மான். யோனா என்ற ஆண் பேருக்குப் புறா. மல்லிகா, கமலா, வசந்தா இந்த வரிசையில் சேருகிறவை.

சரி, உண்மையிலேயே தெய்வத்தின் பேராக இருந்தால்? இதற்கும் புதிய ஏற்பாட்டில் பதில் இருக்கிறது, ஆனால் பலர் கவனிப்பதில்லை. அதில் வரும் விசுவாசிகளின் பேர்களைப் பாருங்கள்: அப்பொல்லோ என்ற பேர் அப்பல்லோ என்ற கிரேக்கத் தெய்வத்திலிருந்து வந்தது. எப்பாப்பிரோதீத்து அப்ரோதீத்தே தேவியிலிருந்து. தியொனீசியு தியோனிசஸிலிருந்து. ரோமர் 16:14இல் பவுல் வாழ்த்துச் சொல்லும் எர்மே, கிரேக்கர்களின் ஒரு தெய்வத்தின் பேரையே வைத்திருந்தார். இவர்களில் ஒருவரையும் பேரை மாற்று என்று பவுல் சொன்னதாக எழுதியில்லை. எஸ்தர், மொர்தெகாய் என்ற பேர்களிலும் பாபிலோனியத் தெய்வங்களின் பேர் ஒலிப்பதாகப் பல அறிஞர்கள் கருதுகிறார்கள்.

நானாக இருந்தால் புதிதாக ஒரு குழந்தைக்குத் தெய்வப் பேரைத் தேடி வைக்கமாட்டேன். ஆனால் பாட்டி ஆசையாகச் சொன்ன வசந்தாவுக்காகச் சண்டை போடுவது தப்பு. வசந்தா கிரேஸ், வசந்தா எலிசபெத் என்று சேர்த்து எழுதினால் இரண்டு பக்கமும் சந்தோஷம்.

அப்ப புதுசா விசுவாசத்துக்கு வந்தவங்க பேர் மாத்தணும்னு சொல்றது? சவுல் பவுலா மாறலையா?

அந்த உதாரணம் பொருந்தாது. சவுல் மனந்திரும்பியது அப்போஸ்தலர் 9இல். அங்கே பேர் மாறவில்லை. 13:9இல்தான், சவுலுக்குப் பவுல் என்ற பேரும் உண்டு என்று வருகிறது. சவுல் அவருடைய யூதப் பேர், பவுல் ரோமர்கள் நடுவில் வழங்கிய பேர். பேர் உண்மையிலேயே மாற்றப்பட்டது ஆபிராமுக்கும் சாராய்க்கும் (ஆதியாகமம் 17). அது தேவன் கொடுத்த விசேஷ வாக்குத்தத்தத்தோடு வந்தது.

ஆசைப்பட்டு மாற்றிக்கொள்கிறவர்களை நான் தடுக்கமாட்டேன். தமிழ்நாடு அரசிதழில் வெளியிட்டு முறையாக மாற்றலாம். கட்டாயப்படுத்துவதுதான் கூடாது. முந்தின பதிலில் சொன்ன எர்மேயை நினைத்துக்கொள்ளுங்கள்.

சர்டிபிகேட்ல ஒரு பேர், சர்ச்சுல ஒரு பேர். இது பாவமா?

இதைத் தயங்கித் தயங்கித்தான் கேட்பார்கள். காரணம் எல்லாருக்கும் தெரியும். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, இந்துக்களும், 1956 முதல் சீக்கியர்களும், 1990 முதல் பௌத்தர்களும் பட்டியல் சாதியினராகக் கருதப்படலாம். கிறிஸ்தவர்களுக்கு அது இல்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். ஊரில் அதே தெருவில், அதே ஒதுக்கலை அனுபவித்துக்கொண்டு, சலுகை மட்டும் இல்லாமல் போகிறது. இது அநியாயம் என்பதே என் எண்ணம். பிள்ளையின் படிப்புக்காகப் பயந்து இரண்டு பேர் வைத்த தாயைப் பார்த்துப் பாவி என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஒரு தவறான எண்ணத்தை மட்டும் திருத்துகிறேன். பேரை மட்டும் வைத்து சாதிச் சான்றிதழ் முடிவாவதில்லை, தாலுகா ஆபீஸில் விசாரணை உண்டு. சந்தேகம் இருந்தால் ஒரு வழக்கறிஞரைக் கேளுங்கள். சபை ரிஜிஸ்டரில் இரண்டு பேரையும் எழுத முடியும். பிள்ளைக்கு இரண்டின் காரணத்தையும் விவரம் தெரிந்ததும் சொல்லிவிடுங்கள்.

நெட்ல பார்த்து ஒரு பேர் எடுத்தோம், எபிரேயத்துல "தேவ மகிமை"ன்னு போட்டிருக்கு. நம்பலாமா?

வசனம் காட்டச் சொல்லுங்கள். பைபிள் பேர் என்றால் அதிகாரமும் வசனமும் இருக்கவேண்டும். மேலே சொன்ன "ஏல்", "யா" போன்ற ஒரு பகுதி உள்ளே இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்பா பேரில் பாதி, அம்மா பேரில் பாதி எடுத்துக் கோத்த பேருக்குப் பல பட்டியல்கள் ஏதாவது ஒரு எபிரேய அர்த்தத்தை எழுதிவைத்திருக்கின்றன. கோத்த பேர் வைப்பது தப்பில்லை. இல்லாத அர்த்தத்தை நம்பி வைக்காதீர்கள்.

"ஜெ"யில் ஆரம்பித்தால் யெகோவாவின் பேர் என்பதும் சரியில்லை. ஜெனிபர் வெல்ஷ் மொழிப் பேர், ஜெசிந்தா ஒரு பூ, ஜெரால்டு ஜெர்மானியப் பேர், ஜெயா நம் வடமொழி. காட்வின் என்றால் கடவுள் ஜெயிக்கிறார் என்று பலர் நினைக்கிறார்கள். பழைய இங்கிலீஷில் அது கடவுளின் நண்பன். ஷரோன் என்பது இஸ்ரவேலில் ஒரு சமவெளி, அந்த மண்ணின் பூவைப் பற்றி உன்னதப்பாட்டு 2:1இல் வருகிறது.

நம்ம ஊர்ல ஐடான்னு பேர் வெக்கறாங்களே, அது பைபிள்ல இருக்கா?

இல்லை. அது ஐடா சோபியா ஸ்கடர் அம்மாவின் நினைவு. 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில், பார்க்க ஒரு பெண் டாக்டர் இல்லாமல் இறந்ததைப் பார்த்து, அமெரிக்காவில் மருத்துவம் படித்துத் திரும்பினார். 1900இல் வேலூரில் ஒரே படுக்கையோடு ஆரம்பித்தார். 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார். அதுதான் இன்றைய சி.எம்.சி. ஐடா என்ற ஜெர்மானியப் பேரின் மூலச் சொல்லுக்கு உழைப்பு என்று பொருள், சோபியா கிரேக்கத்தில் ஞானம். சி.எம்.சி.யில் பிறந்த பெண் குழந்தைக்கு அந்தப் பேரை வைக்க வேறு வசனம் தேட வேண்டியதில்லை.

முதல் பிள்ளை தவறிப்போச்சு. அதே பேரை இந்தப் பிள்ளைக்கு வெக்கலாமா?

சபையில் இதற்கு விதி ஒன்றும் இல்லை. ஆபேல் இறந்தபிறகு பிறந்த மகனுக்கு ஏவாள் ஆபேல் என்று வைக்கவில்லை. அவனுக்குப் பதிலாகத் தேவன் எனக்கு வேறொரு பிள்ளையைத் தந்தார் என்று சொல்லி சேத் என்று பேரிட்டாள் (ஆதியாகமம் 4:25). இந்தப் பிள்ளைக்குத் தனிப் பேர் இருப்பது நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. முதல் பிள்ளையின் பேரை இரண்டாவது பேராகச் சேர்த்துக்கொண்ட குடும்பங்களும் உண்டு. புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து முடிவு பண்ணுங்கள். மற்றவர்கள் சொல்வதைக் கேட்டு அவசரப்பட வேண்டாம்.

ஞானஸ்நானத்துக்கு வர்றப்ப பேர் சம்பந்தமா என்ன கொண்டு வரணும்?

பிறப்புச் சான்றிதழ் நகல். பேர் தமிழிலும் இங்கிலீஷிலும் தெளிவாக எழுதின ஒரு தாள். இனிஷியல் அப்பா பேரா, அம்மா பேரா, இரண்டுமா என்பதும் அதில் இருக்கட்டும். பின்னால் பாஸ்போர்ட் எடுக்கும்போது இனிஷியலை விரித்து எழுதச் சொல்வார்கள், அதனால் அப்பா பேரின் இங்கிலீஷ் எழுத்துகள் அவருடைய சான்றிதழில் இருப்பது போலவே இருக்கவேண்டும். ஞானப்பெற்றோர் பேர்களையும் எழுதுங்கள். எந்த வசனத்துக்காக, யாருடைய நினைவாக இந்தப் பேர் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால், ஆயர் அதையும் ஆராதனையில் வாசிப்பார்.